அடிக்காமல் வளர்த்தார்கள், பேசாமல் தண்டித்தார்கள். இதுவும் காயம்தானா?

ஜன்னலோரம்:

வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 36 வயசு. கணவர், ஒரு பெண் குழந்தை, வேலை எல்லாம் இருக்கு. வெளியிலிருந்து பார்த்தா குறை சொல்ல ஒண்ணுமில்லை. சின்ன வயசுலயும் அப்படித்தான். வீட்ல யாரும் என்னைக் கை நீட்டி அடிச்சதில்லை. யாரும் குடிச்சதில்லை. படிப்பு, துணிமணி எதுக்கும் குறை வச்சதில்லை.

ஆனா அம்மாவுக்குக் கோபம் வந்தா பேச மாட்டாங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் இல்லை. நாலஞ்சு நாள், சில சமயம் அதுக்கும் மேல. என்ன தப்பு பண்ணேன்னும் சொல்ல மாட்டாங்க. பக்கத்துல போய் நின்னா, அங்க யாருமே இல்லாத மாதிரி என்னைத் தாண்டிப் பார்ப்பாங்க. நான் அதே ரூம்ல இருக்கும்போதே, "அவளைச் சாப்பிடச் சொல்லு"ன்னு தம்பிகிட்ட சொல்லி அனுப்புவாங்க. அப்பாகிட்ட போனா, தலை நிமிராமலே, "போய் மன்னிப்பு கேளு, சரியாப் போயிடும்"னு சொல்வார். எதுக்குன்னு தெரியாமலே கேட்பேன். முதல் நாளே கேட்டா பலிக்காது. அவங்களுக்கு எப்போ தோணுதோ அப்போதான் பேச்சு திரும்பி வரும், எதுவுமே நடக்காத மாதிரி.

காலையில முழிப்பு வந்ததும் எழுந்திரிக்க மாட்டேன். படுத்தபடியே சமையலறைச் சத்தத்தைக் கேட்பேன். பாத்திரத்தை மெதுவா வச்சா இன்னிக்குப் பேசுவாங்க. ணங்குன்னு வச்சா பேச மாட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் கால் தரையில படும்.

இப்போ என்ன பிரச்சினைன்னா, என் கணவர் சுபாவத்துலயே அமைதியானவர். வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் பேசாம உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி நேரத்துல எனக்கு வயித்தைப் பிசையும், உள்ளங்கை வேர்த்துடும். "என் மேல கோபமா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்பேன். முதல் தடவை சிரிப்பார், நாலாவது தடவை அவருக்கு நிஜமாவே எரிச்சல் வந்துடும். மேலதிகாரி சாயந்திரம் "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்"னு மெசேஜ் போட்டா அன்னிக்குத் தூக்கம் போச்சு. ஒரு தோழி ரெண்டு நாள் போன் எடுக்கலைன்னு பக்கம் பக்கமா மன்னிப்பு எழுதி அனுப்பினேன். பாவம், அவ காய்ச்சல்ல படுத்திருந்தா.

கேட்க நினைக்கிறது ரெண்டு விஷயம். இதைப் போய் ட்ராமா, அதாவது மனசுல பட்ட ஆறாத காயம்னு சொல்றது சரியா? உண்மையிலேயே கஷ்டப்பட்டவங்க எத்தனையோ பேர் இருக்கும்போது எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவே கூசுது. தம்பியும், "அதே வீட்லதான் நானும் வளர்ந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ங்கிறான். இன்னொண்ணு, அம்மா இப்போ ரொம்ப மாறிட்டாங்க. வயசாயிடுச்சு, என் பொண்ணு மேல உயிரா இருக்காங்க. அவங்ககிட்ட இதைக் கேட்கணுமா? அவங்க ஒத்துக்காம எனக்குள்ள இது ஆறுமா?


தென்றல்66:

சகோதரி, படித்ததும் மனது கனத்தது. ஆனாலும் மூத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் உங்கள் அம்மாவுக்கு என்னென்ன பாரமோ, யாரிடமும் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார். இன்று அன்பாக இருக்கிறார் அல்லவா? மன்னித்துவிடுங்கள். பழையதைக் கிளறினால் இரண்டு பேருக்கும் வேதனைதான்.


கல்பாலம்:

தங்கச்சி, உங்களை விட மூத்தவ, அதனால உரிமையோட கூப்பிடுறேன். பாத்திரச் சத்தம் பத்திப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். எனக்கு அது கேட் கொக்கி. அப்பா நிதானமா வந்தா ஒரே சத்தத்துல திறக்கும். குடிச்சிட்டு வந்தா முதல் தடவை கை தவறி, ரெண்டாவது தட்டுலதான் திறக்கும். அந்த ரெண்டாவது சத்தம் வர்றதுக்குள்ள சின்னவளை இழுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போயிடுவேன்.

உங்க முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், இது காயம்தான். "உண்மையிலேயே கஷ்டப்பட்டவங்க"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிசையில நான் வருவேன். குடி, அடி எல்லாம் பார்த்தவ. அந்த உரிமையில சொல்றேன், உங்க இடத்தை எனக்காக விட்டுக்கொடுக்காதீங்க.

அமெரிக்காவுல வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டான்னு ரெண்டு டாக்டர்கள் 1995-லிருந்து 1997 வரைக்கும் 17,000-க்கும் அதிகமான பெரியவங்ககிட்ட அவங்க சின்ன வயசைப் பத்திக் கேட்டாங்க. முதல் கட்டுரை 1998-ல் வந்துச்சு. குழந்தைப் பருவத்துப் பாதிப்புகளை அந்த ஆய்வு கடைசியில பத்து வகையாப் பிரிச்சுது. அடி, பாலியல் கொடுமை, வீட்ல குடி எல்லாம் அதுல உண்டு. அதே வரிசையில, அதே எடையில, உணர்வுப் புறக்கணிப்பும் உண்டு. "இந்த வீட்ல நான் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை"ன்னு நினைச்சு ஒரு குழந்தை வளர்றது அது. நெட்ல அந்தக் கேள்விப் பட்டியல் கிடைக்கும், மார்க் போட்டுப் பார்க்கணும்னு தோணும். வேண்டாம். தனி ஒருத்தரோட நிலைமையை அந்த மார்க்கை வச்சுக் கணிக்கக் கூடாதுன்னு ஆண்டாவே 2020-ல் எழுதிட்டார். பெரிய கூட்டத்தைப் புரிஞ்சுக்க உருவாக்கின அளவுகோல் அது.

மௌனம் குழந்தையை என்ன செய்யும்னு பார்த்தவர் எட்வர்ட் ட்ரானிக். 1970-கள்ல செஞ்ச சோதனை, எனக்கு இன்னிக்கும் அதை நினைச்சா நெஞ்சு அடைக்கும். சில மாசக் குழந்தைகிட்ட அம்மா முதல்ல சிரிச்சு விளையாடுவாங்க. அப்புறம் ஓரிரு நிமிஷம் முகத்துல எந்தச் சலனமும் இல்லாம குழந்தையையே பார்க்கணும், பேசக் கூடாது. குழந்தை சிரிச்சுப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதுவும் பலிக்கலைன்னதும் முகத்தைத் திருப்பிக்கும், துவண்டு போயிடும். அடியும் இல்லை, திட்டும் இல்லை, ஒரு முகம் பதில் சொல்லாம இருந்தது, அவ்வளவுதான்.

ஆனா அதுல இன்னொரு பாதி இருக்கு. அம்மா மறுபடி சிரிச்சுப் பேசினதும் குழந்தை மெல்ல மெல்ல அம்மாகிட்ட திரும்பி வரும். எந்த அம்மாவும் எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்க முடியாது, அதுக்கு அவசியமும் இல்லை. விலகின பிறகு திரும்பி வந்து சேர்த்துக்கணும், அதுதான் முக்கியம்னு ட்ரானிக் வாழ்நாள் பூரா சொன்னார். உங்க வீட்ல பேச்சு திரும்பி வந்துச்சு, சேர்த்துக்கிறது வரலை. "அன்னிக்கு வேற ஏதோ கவலையில இருந்தேன்டி, உன் மேல தப்பில்லை"ன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலை. அதனால அந்தப் பழி முழுசும் உங்க கணக்குலயே நின்னுடுச்சு. கணவர் அரை மணி நேரம் பேசாம இருந்தா அந்தப் பழைய கணக்குதான் திறக்குது.

தம்பி விஷயம். ஒரே வீடுதான், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா கிடைக்கலையே. அவனுக்கு அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க. ஹவாய்த் தீவுகள்ல கவாய்ங்கிற இடத்துல 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. ரொம்ப மோசமான சூழ்நிலையில வளர்ந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் நல்லபடியா நிமிர்ந்து வந்தாங்க. அவங்ககிட்ட பொதுவா இருந்தது, மாறாத அன்போட யாராவது ஒருத்தர் கூட இருந்தது. பாட்டியா இருக்கலாம், அக்காவா இருக்கலாம், ஆசிரியரா இருக்கலாம். உங்க தம்பிக்கு அந்த ஒருத்தர் நீங்களா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு யார் இருந்தாங்க?

எனக்கு எப்படி ஆறுச்சுன்னு சொல்றேன். தெரபிக்குப் போனதும் அப்பா கதையைத்தான் கேட்பாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நாள் வரைக்கும் அதைத் தொடவே இல்லை. தூக்கம் எப்படி, வீட்ல இப்போ யாராலயாவது பயம் இருக்கா, மூச்சு எங்க முட்டுது, இதுதான் பேச்சு. பாதுகாப்பு முதல்ல, நினைவுகூர்ந்து அழுறது அடுத்து, மறுபடி மனுஷங்களோட சேர்றது அதுக்கப்புறம்னு ஜூடித் ஹெர்மன்ங்கிற மனநல மருத்துவர் 1992-ல் எழுதின வரிசை அது. அவசரப்பட்டு நடுவுல குதிச்சா ஆள் உடைஞ்சு போவாங்க.

அப்புறம் ஒரு நாள் கதையைச் சொன்னேன். செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னேன். தேதி, கிழமை, யார் எங்க நின்னாங்க, எல்லாம் துல்லியமா. தெரபிஸ்ட் குறுக்கே ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அப்போ உங்க கை எங்க இருந்தது?" சின்னவளோட ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு இருந்துச்சு என் கை. அவ காதோட சூடு உள்ளங்கையில தெரிஞ்சுச்சு, அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போதே. என் காதைப் பொத்த யாரும் இல்லைங்கிறது அப்போதான் எனக்கே உறைச்சது. எத்தனையோ வருஷமா அந்தக் கதையைக் கண்ணீர் இல்லாமச் சொல்லிக்கிட்டு இருந்தவ அன்னிக்கு அழுதேன்.

1975-ல் செல்மா ஃப்ரைபெர்க்னு ஒருத்தர் தன் சக பணியாளர்களோட சேர்ந்து எழுதினது இதைத்தான். கொடுமைப்பட்டு வளர்ந்த பெற்றோர் சிலர் அதையே தங்கள் பிள்ளைக்குச் செய்றாங்க, சிலர் செய்றதில்லை. ஏன்? செய்றவங்களுக்கும் நடந்தது நல்லாவே ஞாபகம் இருக்கு. அப்போ வலிச்சதுதான் ஞாபகத்துல இல்லை. வலியோட ஞாபகம் வச்சிருக்கிறவங்க தன் பிள்ளைக்கு அந்த வலியைக் கொடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வயித்தைப் பிசையுதுன்னு எழுதியிருக்கீங்க. உங்க பொண்ணை நினைச்சு நான் பயப்படாததுக்கு அதுதான் காரணம்.

தென்றல் ஐயா சொன்னதுல ஒண்ணு சரி, அம்மாவுக்கும் பாரம் இருந்திருக்கும். ஆனா மன்னிப்பை முதல் படியாக் கேட்காதீங்க ஐயா. என்ன நடந்ததுன்னே யாரும் ஒத்துக்காத இடத்துல மன்னிக்கச் சொன்னா, "எதுக்குன்னு தெரியாம மன்னிப்பு கேளு"ன்னு அப்பா சொன்னதோட மறுபக்கமா ஆயிடும் அது. தங்கச்சிக்கு ஒரு நாள் மன்னிக்கத் தோணலாம், தோணாமலும் போகலாம். ரெண்டு வழியிலயும் காயம் ஆறினவங்களை நான் பார்த்திருக்கேன்.


உள்வெளி:

நான் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். எழுத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது, அப்படிச் சூட்டுபவரை நம்பவும் வேண்டாம். சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

"ட்ராமா என்று சொல்லலாமா" என்ற கேள்வியோடுதான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள். மருத்துவத்தில் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பு) என்ற பெயர் 1980-ல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பெற்றது. போர், விபத்து போல ஒரே அடியாக வரும் அதிர்ச்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட இலக்கணம் அது. வருடக்கணக்கில், தப்பிக்க வழியில்லாத உறவுக்குள் நேர்வதற்கு அது போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப்பெயர்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் சிக்கலான பிடிஎஸ்டி தனிப் பெயராகச் சேர்ந்தது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற தீராத எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாத தவிப்பு ஆகியவை அதன் கூடுதல் அடையாளங்கள். உங்களுக்கு அது பொருந்தலாம், பொருந்தாமலும் இருக்கலாம். பெயர் பொருந்தினால்தான் உதவி கேட்கலாம் என்று எந்த விதியும் இல்லை. தூக்கம் கெடுகிறது, திருமணம் பாதிக்கிறது, இது போதும்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, ட்ராமாவில் பயிற்சி பெற்றவரா என்று நேராகவே கேளுங்கள். அதில் தப்பே இல்லை. பிடிஎஸ்டிக்கு ட்ராமாவை மையப்படுத்திய சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை) ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொல்பவர், "உங்களுக்கு நினைவில்லாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, ஹிப்னாடிஸம் செய்து வெளியே எடுக்கிறேன்" என்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நினைவு அவ்வளவு எளிதில் வளையக்கூடியது. எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை 24 பேரிடம் குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னார்கள். அதில் 6 பேர் முழுமையாகவோ ஓரளவோ அப்படி நடந்ததாகவே நம்பினார்கள். உங்களுக்கு நன்றாக நினைவிருப்பதே சிகிச்சைக்குப் போதுமானது.

எழுதுவது உதவுமா என்று பலர் கேட்பார்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் தொடங்கிய முறை உண்டு: ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனதை அழுத்தும் விஷயத்தை நடந்ததும் உணர்ந்ததுமாக எழுதுவது. எழுதி முடித்த உடனே பாரம் கூடியதுபோல இருக்கும், அது இயல்பு. மிகப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், பலன் சிறியதுதான். எழுதி எழுதித் தூக்கம் இன்னும் கெட்டால் நிறுத்திவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கணவரோடு இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவர் அமைதியானவர், அவரை மாற்ற வேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்ததும், "களைப்பா இருக்கேன், உன் மேல எதுவும் இல்லை, அப்புறம் பேசலாம்" என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ஒருமுறை கேட்கலாம். இரண்டாவது முறை கேட்கத் தோன்றும்போது, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். இப்போது எத்தனை வயது, எந்த வீடு என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். கேள்வியை அடக்குவது நோக்கமல்ல. கேட்காமலே அந்த அரை மணி நேரம் கடந்துபோவதை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான்.

அம்மா விஷயத்தில், கேட்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னால் உங்களுக்குப் போதும்? "எனக்கு அப்படி எதுவும் நினைவில்லையே" என்று அவர் உண்மையாகவே சொன்னால் உங்களால் தாங்க முடியுமா? நான் பார்த்தவரை பெரும்பாலான பெற்றோர் முதலில் சொல்வது அதைத்தான். அதைக் கேட்டும் நிலைகுலையாமல் இருக்க முடியும் என்று தோன்றிய பிறகு பேசுங்கள். மேரி மெயினும் அவரது குழுவும் 1980-களில் பெற்றோர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி நீண்ட பேட்டி எடுத்தார்கள். பெற்றோரின் பால்யம் எவ்வளவு மோசம் என்பதைவிட, அதை அவர்கள் மழுப்பாமல், அதில் மூழ்கியும் போகாமல், கோவையாகச் சொல்ல முடிந்ததா என்பதுதான் அவர்கள் பிள்ளைகளின் பாதுகாப்பு உணர்வோடு அதிகம் ஒத்துப்போனது. அப்படிச் சொல்ல அம்மாவின் ஒப்புதல் கையெழுத்து தேவையில்லை.


ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. கல்பாலம் அக்கா, உங்க பதிலை வரிவரியாத்தான் படிக்க முடிஞ்சுது, நடுவுல எழுந்து போயிட்டு வந்து படிச்சேன். எனக்கு யார் இருந்தாங்கன்னு கேட்டீங்களே. ஒரு டீச்சர் இருந்தாங்க. வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேர் வந்ததும் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாங்க. எல்லாரையும் அப்படித்தான் பார்த்தாங்க, ஆனா வீட்ல பேச்சில்லாத நாட்கள்ல அந்தப் பார்வைக்காகவே ஸ்கூலுக்குப் போனேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை.

கணவர்கிட்ட பேசினேன். "இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னார். நேத்து உள்ள வந்ததும் அந்த வாக்கியத்தைச் சொன்னார், ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார், ஆனாலும் தோள் ரெண்டும் தானா இறங்கினது எனக்கே தெரிஞ்சுது. வயித்தைப் பிசையறது நிக்கலை. கேட்கலை நான்.

தம்பிக்கும் போன் பண்ணேன். அக்கா சொன்னதை வச்சு, "உனக்கு ஒண்ணும் ஆகலையா"ன்னு கேட்காம, "அம்மா உன்கிட்ட சொல்லி அனுப்பும்போது உனக்கு எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "உன் பக்கம் பேசினா என்கிட்டயும் பேசாமப் போயிடுவாங்களோன்னு இருக்கும்"னான். அதுக்கு மேல அவனால முடியலை, வச்சுட்டான். நானும் அவனை இழுக்கலை.

அம்மாகிட்ட இப்போதைக்குக் கேட்கப் போறதில்லை. "ஞாபகமில்லையே"ன்னு சொன்னா தாங்குவேனான்னு யோசிச்சுப் பார்த்தேன், இன்னும் முடியாது. வர்ற வாரம் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன். ட்ராமாவுல பயிற்சி இருக்கான்னு போன்லயே கேட்டேன், இருக்குன்னாங்க. ஒரே ஒரு சந்தேகம். இங்க எழுதினதை வாயால சொல்ல முடியுமான்னு தெரியலை. இதை அப்படியே பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் கொடுத்தா தப்பா நினைப்பாங்களா?


உள்வெளி:

தப்பே இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் வருவார்கள். உங்கள் முதல் பதிவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், எங்கள் பதில்கள் வேண்டாம்; உங்களை அவர் உங்கள் வார்த்தையில் கேட்கட்டும். அவரையே படித்துக்கொள்ளச் சொல்லலாம், நீங்கள் வாசித்துக் காட்டத் தேவையில்லை. அன்றைய சந்திப்பு முடிந்ததும் உடனே அலுவலகத்துக்கு ஓட வேண்டியிராதபடி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். முதல் ஒன்றிரண்டு சந்திப்பில் அவரோடு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக அவரிடம் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.